தாழ்ப்பாள் விற்ற காவல் தலைவர்

இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்கும். கர்ர், கர்ர் என்று, இரும்பு நகத்தால் யாரோ கதவைப் பிறாண்டுவது போல. வெகு காலத்துக்கு முன் கோதண்டன் என்ற ராஜா ஆண்ட மணல்மேட்டுச் சீமையில், தலைநகரிலேயே பதினோரு இரவாக இந்தக் கூத்து. பேய் என்றது ஊர்.

ராஜா ஒரு மாதிரியான ஆள். காலையில் பரிசாகக் கொடுத்த யானையைச் சாயங்காலம் திருப்பிக் கேட்பார். காவல் தலைவர் சூரப்பர் மட்டும் அவருக்குச் செல்லம்.

அந்தச் சூரப்பரிடம் போய் நின்றாள் நீலாம்பாள். இடுப்பில் நாலு மாதக் குழந்தை. புருஷன் உப்பு வண்டியோடு வெளியூர் போயிருந்தான். வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தெருவுக்கு ஒரு காவலாளையாவது போடுங்கள் என்று கெஞ்சினாள். ஆள் பற்றாது, கடைத்தெருவில் தாழ்ப்பாள் விற்கிறது, வாங்கி மாட்டிக்கொள் என்றார் அவர்.

கடையில் உட்கார்ந்திருந்தவன் சூரப்பரின் மச்சான் நல்லகண்ணு. ஒரு தாழ்ப்பாளுக்கு ஒரு கறவைப் பசுவின் விலை சொன்னான்.  தாழ்ப்பாள் வாங்கிய வீட்டுப் பக்கம் பேய் எட்டியே பார்க்காதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேரே அரசவைக்கு நடந்தாள்.

அரண்மனைச் சம்பளம் வாங்குகிறவர் கடை வைக்கக் கூடாது என்ற சட்டம் காவல் தலைவருக்கு மட்டும் இல்லையா என்று கேட்டாள்.

சூரப்பர் மீசையைத் தடவிக்கொண்டார். "கடை என் மச்சானுடையது, மகாராஜா. சட்டத்தில் மச்சானைப் பற்றி ஒரு வரியும் இல்லை."

ராஜாவுக்குக் கோபம் வந்தது, அவள்மேல். மூன்று நாளில் நிரூபி, இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போ என்றார்.

ராஜாவிடம் தனியாக ஒரு யோசனை சொன்னாள் நீலாம்பாள். விளையாட்டு என்றால் ராஜாவுக்கு உயிர். அவள் சொன்னபடியே சூரப்பரை மட்டும் அழைத்து, இனி சத்தம் கேட்கும் வீட்டுக்கெல்லாம் அரண்மனைத் தாழ்ப்பாள் இலவசம், முரசறையும்வரை வெளியே மூச்சு விடாதே என்றார்.

அன்று இரவு சத்தம் இல்லை. மறு இரவும் இல்லை.

மூன்றாம் நாள் அவள் சபையில் கேட்டாள்: "ஊருக்கே தெரியாத ஆணை, பேய்க்கு எப்படித் தெரிந்தது மகாராஜா?"

 பேய் தானாகப் போயிருக்கும், கடையும் தன்னுடையதில்லை என்றார் சூரப்பர்.

"சரி. கடைக்காரரே வந்து என் கதவில் ஒன்று மாட்டட்டும்."

ராஜாவும் சபையும் அவள் வீட்டு வாசலில் கூடினார்கள். நல்லகண்ணு தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். கடைசியில் கதவின் தெருப் பக்கத்தில் வைத்து ஆணி அடித்தான். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றே தெரியாத கடைக்காரனா என்று ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீர்கள். பதினோரு ராத்திரி என் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களைக் காப்பதற்கு இவருக்குச் சம்பளம். எங்கள் பயம் இவருக்குச் சரக்கு."

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. நல்லகண்ணு சுத்தியலைக் கீழே வைத்தான். "மாமா உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். காவலாட்களைப் பிறாண்டச் சொன்னதும் அவர்தான்."

சூரப்பரின் பதவி அங்கேயே போனது. மனைவி, மச்சான், பிள்ளை என்று யார் பேரில் கடை இருந்தாலும் சபையில் சொல்ல வேண்டும், தன் வேலையைத் தொடும் வியாபாரம் யார் பேரிலும் கூடாது என்று சட்டத்தில் வரி ஏறியது. ராஜா அவளுக்குக் கொடுக்க முத்துமாலையைக் கழற்றினார். முதலில் தாழ்ப்பாள் என்றாள் அவள்.

சூரப்பரே மண்டியிட்டு, வெளியே அடித்ததைப் பிடுங்கி உள்ளே அடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழே, ஐயா," என்றாள் நீலாம்பாள்.

வேலை முடிந்ததும் அவரை வெளியே போகச் சொன்னாள். நன்றாகப் பிடிக்கிறதா என்று ராஜா தெருவிலிருந்து விசாரித்தார்.  அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.