ஆமைக்கு வைத்த மூடி

இதை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் அதிகம் படிக்காதவள். எங்கள் மடத்துச் சமையல்காரர் சுடலைக்கண்ணு சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நான் சொன்னால், ஆமைக்கு என்ன ஆனது என்பதை முதல் வரியிலேயே உளறிவிடுவேன்.

உளற மாட்டேன்.

“அம்மா, ஆமை சாப்பிட மாட்டேங்குது” என்றேன்.

உலகம்மை அம்மா அப்போதுதான் வெளியூரிலிருந்து திரும்பி, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சிறிய மடத்துக்கு அவர்தான் குரு. என்னைவிட வயதில் இளையவர். நான் அவரை அம்மா என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

“எப்ப இருந்து?”

“நீங்க பஸ் ஏறினதுல இருந்து.”

அந்த ஆமை ஒரு வெள்ளத்தில் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் போகவில்லை. முற்றத்துக் கல்தொட்டியில் தங்கிவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது அம்மா என்னிடம் ஒப்படைத்தது அதை மட்டும்தான். மடத்துச் சாவியைக்கூடச் சுடலைக்கண்ணுவிடம் கொடுத்தார்.

நான் மடத்துக்கு வந்ததே என் பயம் தீர வேண்டும் என்றுதான். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். அவர் வழி சொல்லவில்லை. ஆமையைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அது என் கையிலேயே செத்துவிடும் போலிருந்தது.

“என்ன கொடுத்தீங்க?” என்று கேட்டார் அம்மா.

“கீரை. வெள்ளரிக்காய். மண்புழுகூட, கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சுப் போட்டேன். அப்புறம் பால் பாயசம்.”

“பாயசமா?”

“ஏலக்காய் தட்டிப் போட்டு.”

“முந்திரி போடலைல்லா? அதான் கோவிச்சுக்கிட்டுது மதினி” என்றார் சுடலைக்கண்ணு, அடுக்களையிலிருந்து.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

“கண்ணு பட்டிருக்குமோன்னு மிளகாய் சுத்தி நெருப்புல போட்டேன் அம்மா.”

“அதுக்கு ஆமை என்ன செஞ்சுது?”

“தலையை உள்ளே இழுத்துக்கிட்டுது.”

“அப்புறம்?”

“அப்புறம் தலையையே காணோம்.”

அம்மா முற்றத்தைப் பார்த்தார். தொட்டி காலியாக இருந்தது.

“ஆமை எங்கே?”

“நீங்க பஸ் ஏறின உடனே சாமான் அறைக்குக் கொண்டுபோயிட்டேன். இங்கே இருந்தா பருந்து தூக்கிட்டுப் போயிடும். பூனை வேற வருது. வெயில் வேற அடிக்குது. அண்டாவுல கிணத்துத் தண்ணி ஊத்தி, உள்ளே விட்டு, மூடி போட்டு, மூடி மேல அம்மிக்குழவியை வெச்சிருக்கேன். பத்திரமா இருக்கு அம்மா.”

“சோத்துத் தட்டு அகலம் இருக்கு அந்த ஆமை. அதைத் தூக்கணும்னா பருந்து துணைக்கு ஆள் கூட்டிட்டு வரணும்” என்றார் சுடலைக்கண்ணு.

அம்மா சாமான் அறைக்குள் போனார். குழவியை இறக்கினார். மூடியைத் திறந்தார். ஆமை அடியில் கிடந்தது, யாரோ போட்டுவிட்டுப் போன கல் மாதிரி. அம்மா தண்ணீரில் விரலை வைத்தார். உடனே எடுத்தார்.

மார்கழி மாதம். அந்த அறைக்குள் வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது.

“பிழைக்குமா அம்மா?”

அம்மா சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, சோறு ஆக்குற பெரிய அண்டாவைக் கொண்டாங்க. கிணத்துத் தண்ணி ஊத்துங்க.”

ஆமைக்கு இன்னும் பெரிய இடம் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் தப்பை நானே நொந்துகொண்டேன்.

அண்டா வந்தது. தண்ணீர் பாதி நிறைந்தது.

“இறங்குங்க அக்கா.”

“யாரு?”

“நீங்கதான்.”

“அம்மா, அதுல நாளைக்கு அன்னதானத்துக்குச் சோறு ஆக்கணும்” என்றார் சுடலைக்கண்ணு.

“அக்கா தேய்ச்சுக் குடுப்பாங்க” என்றார் அம்மா.

குரு சொன்னால் மறுக்கக் கூடாது. சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். உட்கார்ந்தேன். இடுப்புவரை தண்ணீர். முதுகுத்தண்டு வழியாகக் குளிர் ஏறியது.

அம்மா ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

இருட்டு.

கதவிடுக்கில் அவர் கண் தெரிந்தது.

“சாப்பிடுங்க அக்கா.”

“பசிக்கலை அம்மா.”

“தேங்காய்ச் சட்னி இருக்கு.”

“வேண்டாம் அம்மா.”

“ஏன் சாப்பிட மாட்டேங்கிறீங்க? உடம்புக்கு என்ன? பாயசம் வைக்கட்டுமா?”

என் பல் தந்தி அடித்தது. வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன் போலிருந்தது.

“கண்ணு பட்டிருக்குமோ?” என்றார் சுடலைக்கண்ணு. “மிளகாய் எடுத்தாரட்டுமா அம்மா?”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாம்!” என்று கத்தினேன். “முதல்ல என்னை வெளியே விடுங்க! கொஞ்ச நேரம் வெயில்ல இருந்தாத் தன்னால பசிக்கும்!”

கத்தி முடித்ததும் நான் சொன்னதே என் காதில் விழுந்தது.

பக்கத்து அண்டாவைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. நான் அண்டாவை விட்டு எழுந்து, ஈரச் சேலையோடு, ஆமையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். துவைக்கிற கல்லில் வெயில் விழுந்திருந்தது. அங்கே வைத்தேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

அம்மா ஒரு வெள்ளரித் துண்டை ஆமையின் முன்னால் வைத்தார். என் இட்லித் தட்டை என் முன்னால் வைத்தார்.

ஆமை அசையவில்லை.

கல் சுட ஆரம்பித்தது. என் சேலை காய்ந்துகொண்டு வந்தது. ஆமையின் முதுகில் இருந்த ஈரமும் போனது.

அப்போது முற்றத்தின் குறுக்கே ஒரு நிழல் ஓடியது.

அண்ணாந்து பார்த்தேன். பருந்து.

என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் மூடியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆமையின் மேல் கவிழ்க்கக் குனிந்தேன்.

ஓட்டுக்கு வெளியே ஒரு கால் வந்திருந்தது. இன்னொரு காலும் வந்தது. மெல்ல, மெல்ல, மூக்கு நுனி.

என் கையில் மூடி அப்படியே நின்றது.

“அம்மா, பருந்து சுத்துதே” என்றேன். அழுகை வந்தது.

“சுத்துது” என்றார் அம்மா.

“பயமா இருக்கே.”

“யாருக்கு?”

மூடியை என் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இப்ப மடத்துல ரெண்டு ஆச்சு” என்று சுடலைக்கண்ணு சொல்வது கேட்டது.

மூடிக்கு அடியில் அரையிருட்டு. என் முழங்கால் தெரிந்தது. பக்கத்தில் கறுக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு, மறுபடியும் கறுக். வெள்ளரிக்காய் கடிபடும் சத்தம்.

எனக்கும் பசித்தது. ஆனால் இரண்டு கையும் மூடியைப் பிடித்திருந்தன.

பருந்து இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கழுத்தை வெளியே நீட்டி, “அம்மா, இட்லி” என்றேன்.