மீதி நாலு எலக்ட்ரான்

"ஒரு ஆக்சிஜனுக்கு வெளிச்சுத்துல ஆறு எலக்ட்ரான். ரெண்டு ஆக்சிஜன் சேர்ந்தா பன்னிரண்டு. புத்தகத்துல ஒவ்வொண்ணுக்கும் எட்டுன்னு போட்டிருக்கு. எட்டும் எட்டும் பதினாறு. மீதி நாலு எங்கிருந்து வந்துச்சு?"

பேச்சியம்மாள் இதைக் கேட்பது இரண்டாவது முறை.

முதல் முறை பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டாள். படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் போதும் என்று ஆசிரியர் உட்காரச் சொல்லிவிட்டார்.

புரியாததை வரைய அவளுக்குக் கை வரவில்லை. வேதியியலில் மட்டும் தோற்றாள்.

அதன் பிறகு பத்து வருஷம் சித்தாள் வேலை. இப்போது நர்ஸ் படிப்பில் சேர அந்த ஒரு பாடம் வேண்டும். தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள்.

இந்த முறை கேட்டது ஜெபக்கனியிடம். அன்று ஒரே பெஞ்சில் இருந்தவள். இன்று அதே பள்ளியில் வேதியியல் டீச்சர்.

ஜெபக்கனி தாளில் இரண்டு வட்டம் போட்டாள். நடுவில் நாலு புள்ளி வைத்தாள். இந்த நாலையும் இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன, அதுதான் சகப்பிணைப்பு என்றாள்.

"பகிர்ந்தா ஆளுக்குப் பாதிதானே?"

ஜெபக்கனி பேனாவை மூடினாள். இதை எப்படிச் சொல்வதென்று தனக்குத் தெரியவில்லை, யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துகொண்டாள்.

பேச்சியம்மாளுக்கு மனசு விட்டுப்போனது.

மறுநாள் மதியம் ஜெபக்கனி அவள் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டாள். வாடகைக்கு விட ஒட்டினாற்போல் இரண்டு அறைகள் கட்டியிருந்தார்கள். கூரை போட்டாகிவிட்டது. பூச்சு மட்டும் பாக்கி.

ஜெபக்கனி முதல் அறைக்குள் போய் வந்தாள். இரண்டாவது அறைக்குள்ளும் போய் வந்தாள்.

"இந்த ரூமுக்கு எத்தனை சுவர்?"

"நாலு."

"அந்த ரூமுக்கு?"

"அதுக்கும் நாலு."

"நீ எத்தனை சுவருக்குக் கல் சுமந்தே?"

"ஏழு."

"அப்போ எட்டாவது எங்கிருந்து வந்துச்சு?"

 

பேச்சியம்மாள் தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்துவிட்டு முதல் அறைக்குள் போனாள். நடுச்சுவரில் கை வைத்துப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்குள் போய், அந்தப் பக்கமிருந்தும் கை வைத்தாள்.



பிறகு கீழே கிடந்த ஒரு செங்கல் துண்டை எடுத்தாள். அந்தச் சுவரிலேயே இரண்டு வட்டம் போட்டாள். நடுவில் நாலு புள்ளி. இரண்டு ஓரங்களிலும் நந்நாலு.

வலது ஓரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணினாள். எட்டு. இடது ஓரத்தை மறைத்துக்கொண்டு எண்ணினாள். எட்டு. கையை எடுத்துவிட்டு மொத்தமும் எண்ணினாள். பன்னிரண்டு.

"நைட்ரஜன்" என்றாள் ஜெபக்கனி.

அதற்குச் சற்று நேரம் பிடித்தது. நடுவில் ஆறு புள்ளி வைத்தாள். ஓரங்களில் இரண்டிரண்டு.

அதற்குப் பிறகு ஜெபக்கனி எதுவும் கேட்கவில்லை. பேச்சியம்மாளே நீரை வரைந்தாள். அம்மோனியாவை வரைந்தாள். கார்பன் டை ஆக்சைடுக்கு இடம் போதாமல் ஜன்னல் ஓரம் வரை போனாள்.

கொத்தனார் கருத்தப்பாண்டி கரண்டியோடு உள்ளே வந்தார். கலவை இறுகுகிறது, சுவர் முழுக்க இதென்ன கிறுக்கல் என்றார்.

"பூசிருங்க அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள். "இனிமே பாத்து வரைய வேண்டியதில்ல."