பன்னிரண்டாம் கூடு

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு மெஹருன்னிசா பறவை ஆராய்ச்சி செய்பவர். சீடர் நாவுக்கரசு, காலமெல்லாம் நிலம் அளந்து ஓய்வுபெற்ற சர்வேயர். ட்ரோன் பறக்கவிடக் கற்றுக்கொண்டு அவரிடம் வந்து சேர்ந்தவர். குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். கேட்பவர்கள்தான் குழம்பிப்போவார்கள்.

விளாத்திகுளம் சாலையோரத்தில் ஆள்காட்டிக் குருவிகள் வெறும் சரளையில் முட்டையிட்டிருந்தன. சாலையை அகலப்படுத்தும் வண்டி மறுநாள் வருகிறது. இவர்கள் வரைபடத்தில் குறித்துக் கொடுக்கும் கூடுகளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வழித்துவிடும். பதினோரு கூடுகளைக் குறித்தாயிற்று. பன்னிரண்டாவதில்தான் வம்பு.

"பறவை எழுந்திருக்கவே மாட்டேங்குதும்மா. ட்ரோனை இன்னும் எவ்வளவு தாழ இறக்கட்டும்?"

"மத்ததெல்லாம் எழுந்துச்சா?"

"பத்து நிமிசம் தலைக்கு மேலயே நிறுத்தினா எழுந்துரும். படத்துல முட்டை பளிச்சுன்னு விழும். அதுலயும் உச்சி வெயில்ல எடுத்தா நிழலே கிடையாது." நாவுக்கரசுக்குப் பெருமை பிடிபடவில்லை. "மூணு நாளா அதே நேரந்தான்."

 மெஹருன்னிசா அவரை முதல் கூட்டுக்கு அழைத்துப் போனார். நான்கு முட்டைகள் இருந்தன. பறவை இல்லை.

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டவர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார்.

"இந்த வெயில்ல அது முட்டை மேல நிக்கிறது சூடு குடுக்க இல்ல. நிழல் குடுக்க."

 ஓர் அளவுகூடத் தப்பாமல் வேலை பார்த்த மனிதருக்கு அழுகை முட்டியது. கையிலிருந்த குடையை விரித்துக்கொண்டு கூட்டின் மேல் குனிந்தார்.

"நாம நிக்கிற வரைக்கும் அது வராது. வாங்க," என்றார் குரு.

தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பறவை வரவில்லை.

பன்னிரண்டாம் கூட்டின் பறவை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நாவுக்கரசு ட்ரோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். படிவத்தை எடுத்து இடத்தைக் குறித்தார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"முட்டை எத்தனைன்னு கேட்டிருக்காங்கம்மா. எழுதலைன்னா இதைக் கூடுன்னே ஒத்துக்க மாட்டாங்க. நாளைக்கு வண்டி ஏறிரும். என்னன்னு எழுதட்டும்?"

"'பறவை எழுந்திருக்கவில்லை.' அதையே எழுதுங்க சார்."