ஆள் இருந்தால்தான் ஓடும்

"டீச்சர், நான் உக்காந்து ஓட்டினா ஓடுது. நான் எழும்பிப் போனா ஓடமாட்டேங்குது. இதென்ன பேயா, பிசாசா?"

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஷீபா டீச்சர் வீட்டு வாசலில் நின்றார் ததேயுஸ். கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக ஊர் ஊராகச் சுற்றிய மனுஷன். ஐம்பத்தெட்டு வயதில், தன்னைவிட இருபது வயது இளைய பாலிடெக்னிக் டீச்சரிடம் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர். வெட்கம் பார்த்தால் வித்தை வருமா?

"உக்காருங்க அண்ணாச்சி. எது ஓடல?"

"அலைச் செய்தி."

அன்றைய காற்றையும் அலை உயரத்தையும் எடுத்து, காலை நாலு மணிக்குக் கரையில் உள்ள போன்களுக்கெல்லாம் குரலாக அனுப்புகிற புரோகிராம். அவரே எழுதியது. அதைக் கேட்காமல் அந்தக் கரையிலிருந்து ஒரு வள்ளமும் கடலில் இறங்காது.

குறித்த நேரத்துக்குத் தானாக ஓட்ட, கம்ப்யூட்டரில் கிரான் என்று ஒன்று உண்டு. ததேயுஸ் கையால் ஓட்டினால் செய்தி போகும். கிரானிடம் விட்டால், 'அப்படியொரு கட்டளையைக் காணோம்' என்று ஒரே வரி. எட்டு மாதமாக மூன்றரைக்கே எழும்பி உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

"சாயங்காலம் ரயில் டீச்சர். புனேயில பேத்திக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். பிறந்ததுல இருந்து போன்லதான் பாத்திருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

"லேப்டாப்பை வீட்ல ஓடவிட்டுட்டுத்தான் போகணும். இது சரியாகலன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருவேன். நம்பிக் கடலுக்குப் போறவனை விட்டுட்டு எப்படிப் போக?"

"என்ன செஞ்சு பாத்தீங்க?"

"நாம தட்டுற கட்டளையை வாங்கி ஓட்டுற ஷெல்லுக்கு, அதை எங்கெங்க தேடணும்னு ஒரு பட்டியல் இருக்குல்லா? நான் உள்ள நுழைஞ்சதும் அது படிக்கிற ஃபைல்ல, அந்தப் பட்டியலைப் பதினோரு தடவை திருத்திட்டேன்."

"அந்த ஃபைலை யாரு படிக்கா?"

"நான் நுழைஞ்சா ஷெல் படிக்கும்."

"கிரான்?"

ததேயுஸ் தலையைச் சொறிந்தார். "அதுக்கும் சேத்துத்தானே எழுதி வச்சிருக்கேன்."

டீச்சர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"டீ கொதிக்குது. அடுக்களையில ஏலக்காய் இருக்கு, எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி."

போனார். ஒரு டப்பாவில் மல்லி. ஒன்றில் சீரகம். ஒன்றில், என்ன கஷ்டமோ, சட்டைப் பொத்தான்கள்.

"இல்ல டீச்சர்."

"இருக்கு."

மறுபடி போனார். மறுபடி வந்தார்.

"மாதா மேல சத்தியமா இல்ல!"

"இருக்கு அண்ணாச்சி. நான் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்."

"நீங்க எடுப்பீங்க! உங்க வீடு! வந்தவனுக்கு எப்படித் தெரியும்?"

ரயிலுக்கு நேரமாகுது, இவளுக்கு விளையாட்டு. ததேயுஸுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"மேல்தட்டு. இடது ஓரம். நீல டப்பா. ரசப்பொடின்னு எழுதியிருக்கும், அதுதான்."

கை நீட்டினார். கிடைத்தது.

"இதை முதல்லயே இப்படிச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ததேயுஸ் டப்பாவும் கையுமாக நின்றார். டப்பாவைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார்.

"அட என் மாதாவே!"

லேப்டாப்பிடம் ஓடினார். கிரானுக்கு எழுதிய வரியில் கட்டளையின் வெறும் பெயர் மட்டும் கிடந்தது. அது எந்த ஃபோல்டருக்குள், அதற்குள் எந்த ஃபோல்டருக்குள் என்று, தொடக்கத்திலிருந்து முழு வழியையும் எழுதினார்.

"பாவம் டீச்சர் இந்தக் கிரான். என் பட்டியலை அது பாத்ததே இல்ல. எட்டு மாசமா நாயே பேயேன்னு திட்டியிருக்கேன்."

சோதித்துப் பார்க்க, பதினொன்று இருபதுக்கு, தன் போனுக்கு மட்டும் போகும்படி நேரம் வைத்தார்.

"லாக் அவுட் பண்ணிட்டு முற்றத்துக்கு வாங்க. டீ ஆறுது."

"இங்கேயே இருந்து ஒரு கண்ணு..."

"வாங்க அண்ணாச்சி."

வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். ததேயுஸின் பாதி டீ சட்டையில்தான் போயிற்று.

பதினொன்று இருபது.

போன் அடித்தது. காதில் வைத்தார். அவருடைய புரோகிராமின் குரல். காற்று தென்மேற்கு, அலை ஒன்றரை மீட்டர், கவனமாகப் போங்கள்.

ததேயுஸ் குழந்தை மாதிரி அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்தார். உடனே சந்தேகமும் வந்துவிட்டது.

"டீச்சர், நாளைக்கும் ஓடுமா? நான் பக்கத்துல இல்லாட்டி?"

"இப்ப அது பக்கத்துல யாரு இருந்தா?"