மூடியில் கோத்த ஈரம்

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் ஷிசுவேயிடம் படித்தவர்கள் எல்லாரும் இளவட்டங்கள், தண்டபாணியைத் தவிர. 'சென்செய்' என்று எல்லாரும் அழைக்கும் ஆசிரியையைவிட அவர் மூத்தவர். மகன் கோபித்துக்கொண்டு ஒசாகாவுக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான்; ஒரு பேரன் பிறந்திருப்பதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். என்றைக்காவது போன் வந்தால் பேரனோடு நாலு வார்த்தை பேச வேண்டாமா என்றுதான் படிக்க வந்தார். போன் வரவே இல்லை.

அன்று வகுப்பு கலைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"சென்செய், 'மச்சிவபிரு'ங்கிற வினைச்சொல் எனக்குப் பிடிபடலை. காத்துக் காத்து அலுத்துப்போறதுன்னு அகராதியில போட்டிருக்கு."

"சரிதான்."

"அலுத்துப்போனா எழுந்து போயிட வேண்டியதுதானே? அதுக்கப்புறமும் யாராவது காத்திருப்பாங்களா? ஒரு வாக்கியம்கூட எழுத வரலை."

"எழுத வேண்டாம். நீங்க என்ன செய்யப்போறீங்க, அதைச் சொல்லுங்க."

தண்டபாணி தலை குனிந்தார்.

"வீட்டு போன் இணைப்பை நாளைக்குத் துண்டிக்கச் சொல்லப்போறேன். அவனுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான். அடிக்காத போனை எத்தனை நாள் துடைச்சுத் துடைச்சு வைக்கிறது? வகுப்பும் இன்னியோட சரி. முடியலை, சென்செய்."

ஷிசுவே எழுந்தார். உள்ளே போய் சூப்பைக் கொதிக்க வைத்தார். மூடி போட்ட கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"யாருக்கு இது?"

"தூரமா போனவங்களுக்கு. அப்பா கப்பல்ல போயிட்டா, சாப்பாட்டு வேளைக்கு அம்மா இப்படித்தான் அவருக்கும் ஒரு பங்கு வைப்பாங்க. எங்க ஊர் வழக்கம்."

சிறிது நேரம் கழித்து ஷிசுவே கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்போ மூடியைத் திறங்க, சார்."

திறந்தார். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

"தண்ணி கோத்திருந்தா, போனவர் நல்லா இருக்கார்னு அர்த்தம்."

தண்டபாணிக்குக் கோபம் வந்துவிட்டது. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் தனக்கும் சொல்கிறாரே என்று வலித்தது.

"சூடா எதை ஊத்தி மூடினாலும் தண்ணி கோக்கத்தானே செய்யும்!" மூடியை மேசைமேல் வைத்தார். "இது தெரியாதா உங்க அம்மாவுக்கு?"

"தெரியும், சார். அதனாலதான் ஒரு நாளும் ஆறினதை வைக்கலை."