சேந்தனைத் தேடிய சல்லடைகள்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பசியைவிட ஆசை அதிகமாக எடுத்த காலத்தில், ஓர் அரசர் தம் அறுபதாம் ஆண்டு விழா விருந்தில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"சிறு வயதில் பகைவருக்கு அஞ்சி என்னை ஓர் ஆற்றங்கரை ஊரில் ஒளித்து வைத்திருந்தார்கள். அங்கே சேந்தன் என்று எனக்கொரு தோழன். அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்தால்தான் நானும் கை நனைப்பேன். சேந்தனைக் கூப்பிட்டு வாருங்கள்!"

ஆற்றங்கரை ஊருக்குத் தூதர் ஓடினார்கள். வாடிய முகத்தோடு திரும்பினார்கள். "அரசே, சேந்தன் என்று அங்கே ஒரு கிழவர் இருந்தாராம். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாம். பெண்களை விசாரித்தால் பெயரைக் கேட்டதுமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள்."

தோழன் ஊர் மாறிப் போயிருப்பான் என்று நாடு முழுக்க உள்ள பெயரோலைகளை வரவழைத்தார்கள். அங்கேதான் சிக்கல். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அந்நாட்டுக் கணக்கர்கள் புள்ளியே வைக்கமாட்டார்கள். நெடிலும் குறிலும் அவரவர் இஷ்டம். ஒரே ஆள் ஒவ்வோர் ஓலையிலும் ஒவ்வொரு பெயரில் இருப்பான்.

அவையில் இரண்டு புலவர்கள் துள்ளி எழுந்தார்கள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"எழுத்தை எண்ணினால் போதும், அரசே! ஓரெழுத்து மட்டும் மாறியிருந்தால் அவரே இவர்" என்றார் அட்சரப்புலி அனந்தர்.

"எழுத்து பொய், ஓசையே மெய்! உயிரோசைகளை உதறிவிட்டு மெய்யோசைகளை மட்டும் ஒப்பிட வேண்டும்" என்றார் நாதப்புலி திருமேனியார்.

விகடகவி அம்பலத்தாடியைக் கண்டால் மட்டும் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். "எங்கள் சல்லடைகளில் எது சிறந்தது என்று அவர் தீர்ப்புச் சொல்லட்டும். ஆளையும் காட்டட்டும். இயலாவிட்டால் அவையைவிட்டு வெளியேறட்டும்" என்று கொக்கி போட்டார்கள். அரசரும் இருந்த ஏக்கத்தில் தலையாட்டிவிட்டார்.

அனந்தரின் சல்லடையில் சாந்தன், காந்தன் என்று ஒரு கூட்டம் வந்தது. அம்பலத்தாடி பணிவாகக் கேட்டார்: "புலவரே, 'வேந்தன்' என்பதும் ஓரெழுத்துதானே தள்ளி நிற்கிறது? மகாராஜாவையும் வரிசையில் நிறுத்தலாமா?"

திருமேனியாரின் சல்லடையில் சிந்தன் வந்தான். செந்தேன் என்ற மோர்க்காரம்மாளும் வந்தாள். "உயிரை எடுத்துவிட்டு ஆளைத் தேடினால் இப்படித்தான்" என்றார் அம்பலத்தாடி. அவை சிரித்தது.

அரசர் சிரிக்கவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் "நான்தான் அந்தத் தோழன்" என்று சத்தியம் செய்யவே, ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து அவர் கண் பூத்துப்போயிற்று. "அவன் இறந்திருப்பான், அம்பலத்தாடி" என்றார். அம்பலத்தாடி விகடத்தை விட்டுவிட்டு யோசித்தார். பதவி கிடக்கட்டும், இந்த மனுஷர் சாப்பிட வேண்டுமே! அப்போதுதான், வாயைப் பொத்திக்கொண்ட பெண்கள் அவர் நினைவுக்கு வந்தார்கள்.

"அரசே, தாங்கள் சேந்தனைக் 'கூப்பிட்டு' வரச் சொன்னீர்கள். எல்லோரும் தேடினார்களே தவிர, ஒருவரும் கூப்பிடவில்லை. எழுந்து வாருங்கள், தாங்களே கூப்பிடுங்கள்."

"அரசர் தெருவில் நின்று கத்துவதா!" என்று புலிகள் இரண்டும் உறுமின. அரசர் அதற்குள் தேரில் ஏறியிருந்தார்.

ஆற்றங்கரையில் இறங்கி, முழங்கால் நீரில் நின்று, பட்டு நனைய, அரசர் தொண்டை கிழியக் கத்தினார். "ஏலே சேந்தா! சேந்தா!"

எதிர்க்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் விருட்டென்று நிமிர்ந்தார். "ஏலே, எதுக்குக் கத்துத? மாடு மிரளுது! வாரேன், இரு!"

காவலர் வாளை உருவினார்கள். அரசர் அவர்களைத் தள்ளிவிட்டு ஆற்றுக்குள் ஓடினார்.

கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு, தேருக்குப் பின்னாலேயே புலவர்களோடு வந்து சேர்ந்திருந்த அனந்தர் கேட்டார்: "ஐயா, உமது பெயர் எந்த ஓலையிலும் இல்லையே?"

"ஓலையில பாட்டையான்னுல்லா இருக்கும்? எனக்கு எங்க தாத்தா பேரு. மாமனார் பேர ஆத்தா சொல்லப்பிடாது, 'பாட்டையா'ன்னா. ஊரும் அப்படியே கூப்பிட்டுச்சு. பொறவு வந்தவ புருசன் பேரச் சொல்லுவாளா? சேந்தான்னு கூப்பிட்டது இந்தப் பய ஒருத்தன்தான்."

அம்பலத்தாடி புலவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். "இதுதான் தீர்ப்பு, பெரியோரே. இரண்டு சல்லடையும் நல்ல சல்லடைதான். மாவு ஓலையில் இல்லை, அரசர் வாயில் இருந்தது."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். முத்து மாலையைக் கழற்றி அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டார். சல்லடையில் அகப்பட்ட அத்தனை பேருக்கும் புலவர்களே பந்தி பரிமாற வேண்டும் என்று ஆணையிட்டார். மோர்க்காரம்மாளுக்கு முதல் இலை.

சேந்தன் அரசரின் ஈரக் கையை விடவில்லை. "அதெல்லாம் கெடக்கட்டும்லே. இன்னொருக்க கூப்பிடு."

அரசர் கூப்பிட்டார்.