திரை மண்டபத்தின் கதவு

முன்பொரு காலத்தில் கருவேல நாட்டைப் பொன்வளவன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் போட்ட கட்டளையை மத்தியானம் மறந்துவிடுவான். ஒன்றில் மட்டும் பிடிவாதம். புருஷன் பெண்டாட்டி வழக்கென்றால் திரை மண்டபத்தில் கதவை அடைத்துத்தான் விசாரிக்க வேண்டும். உள்ளே நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று விளக்கின் முன் சத்தியமும் செய்ய வேண்டும். குடும்ப மானமாம்.

“என் தீர்ப்பை யாராவது குறை சொன்னதுண்டா?” என்று நியாயாதிபதி திரிபுராந்தகர் சபையில் மார்தட்டுவார். வாயைத் திறந்தால்தானே குறை சொல்ல?

ஒருநாள் அனிச்சம் என்கிற உப்புக்காரி அமைச்சர் மதிசூடனாரிடம் வந்து நின்றாள். அவளுடைய பெண் குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டார்கள். ஏனென்று கேட்டார் அமைச்சர்.

“சொல்லக்கூடாது சாமி. சொன்னா பிள்ளையைக் கண்ணாலகூடப் பார்க்க முடியாது. ஆனா தெருவில ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பிள்ளைக்கு நான் சூடு போட்டேனாம்.”

மறுநாள் சபையில் மதிசூடனார், திரை மண்டபத்தின் கதவைத் திறந்தால் என்ன என்று கேட்டுவிட்டார்.

“திறக்கலாம் பிரபு. அமைச்சர் வாசலில் சுண்டல் கடை போடட்டும்” என்றார் திரிபுராந்தகர். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டு, அடைத்த கதவால் யாருக்கு என்ன கேடென்று நாளைக்குள் காட்ட வேண்டும், தவறினால் அமைச்சர் பதவி திரிபுராந்தகருக்கு என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை கத்திரிக்காய்க் குழம்பில் உப்பில்லை என்று ராஜா இலையைத் தள்ளிவிட, ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதுவும் குடும்ப வழக்குதானே, மண்டபத்துக்குப் போகலாமே என்றார் அமைச்சர். ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. இருவரும் உள்ளே போனார்கள், சத்தியம் செய்தார்கள், சிரித்துச் சமாதானமாகி வெளியே வந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் ராணி அகப்பையால் அடித்தாள் என்றது மீன் சந்தை. ராஜாவுக்கு வேறொரு குடும்பம் உண்டு என்றது படித்துறை. தங்கையைக் கூட்டிப்போக மைத்துனன் பல்லக்கோடு கோட்டை வாசலுக்கே வந்துவிட்டான்.

“வெறும் கத்திரிக்காய் என்று பறையறைந்து சொல்லுமய்யா” என்று துடித்தான் ராஜா.

“எப்படிச் சொல்வது பிரபு? சத்தியம் செய்திருக்கிறீர்களே. ராஜாவுக்கே இந்தக் கதி. உப்புக்காரி என்ன செய்வாள்?”

உடனே ராஜாவின் கட்டளை பிறந்தது. கதவு திறந்திருக்கும், ஊரார் உட்கார்ந்து கேட்கலாம், ஆனால் வழக்காடுகிறவர்களின் பேரையும் தெருவையும் வெளியே சொல்லக்கூடாது. நியாயாதிபதி காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பழைய சத்தியங்கள் செல்லாது. முதல் வழக்கு, முக்காடிட்டு வந்த அனிச்சத்துடையது.

“தாயைக் கண்டதும் குழந்தை வீரிட்டது. அதனால் தகப்பனிடம் கொடுத்தேன்” என்றார் திரிபுராந்தகர்.

குழந்தையைக் கொண்டுவந்தார்கள். அது தாயிடம் தாவி இடுப்பில் ஒட்டிக்கொண்டது. திரிபுராந்தகர் குனிந்து பார்த்தார். அவர் மீசையோ காதுவரை போகும். குழந்தை வீரிட்டது. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

பிள்ளை தாயிடமே இருக்கட்டும், தகப்பன் வேண்டும்போது வந்து பார்க்கட்டும் என்று தீர்த்துவிட்டு, ராஜா நியாயாதிபதியிடம் சொன்னான்:

“குழந்தை அழுகையை நிறுத்தும்வரை உமது ஆசனம் பின்னால் போகட்டும்.”

காவலர்கள் ஆசனத்தை இழுத்தார்கள். தூண்களைத் தாண்டியது, ஊராரைத் தாண்டியது, படியிறங்கியது. வெளிவாசலுக்கு அப்பால், செருப்பு விடுகிற இடத்தில்தான் குழந்தை அடங்கியது. அன்றுமுதல் திரிபுராந்தகர் அங்கே உட்கார்ந்துதான் வழக்குக் கேட்டார்.